வியட்நாம் பன்றிக்கறி ரோல்: செய்முறையும் கூட்டுப் படப்பிடிப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் சமையல் வீடியோ போடுபவர்கள் மூன்று நான்கு பேர் ஒரே சமையலறையில் கூடி இந்த ரோலைச் செய்து படமெடுக்கும்போது வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இந்தச் சமையலில் இரண்டு பொருள் யாருக்காகவும் காத்திருக்காது. ஒன்று குளிர்ந்த கறி விழுது, மற்றொன்று நனைந்த ரைஸ் பேப்பர், அதாவது அரிசி மாவில் செய்து காயவைத்த மெல்லிய தாள். கேமரா அவற்றின் வேகத்துக்கு ஓட வேண்டுமே தவிர, அவற்றைக் கேமராவுக்காக நிறுத்தி வைக்க முடியாது. கீழே உள்ள பெரும்பாலான பதில்கள் அதிலிருந்து வருபவைதான்.

வியட்நாமில் ரோல் பல வகை உண்டே, இது எந்த ரோல்?

நெம் நூங் என்னும் சுட்ட பன்றிக்கறியை ரைஸ் பேப்பரில் சுற்றும் ரோல். வியட்நாமின் தென்மத்தியக் கடலோரத்தில் கான் ஹுவா மாகாணம் இருக்கிறது. அங்குள்ள நின் ஹுவா என்ற ஊரும் அதற்குத் தெற்கே உள்ள ந்யா சாங் நகரமும் இதற்குப் பேர்போனவை. வேகவைத்த பன்றிக்கறியும் இறாலும் வைத்துச் சுற்றும் கொய் குவோன் வேறு. எண்ணெயில் பொரிக்கும் சா ஜோ வேறு. பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து கறி வைக்கும் பான் மீ முற்றிலும் வேறு. நெம் நூங்கில் சுட்ட கறி, மொறுமொறு குச்சி (சுருட்டிப் பொரித்த சமோசா பட்டி), பச்சை இலைகள், புளிப்புக் காய் எல்லாம் ஒரே கடியில் வாய்க்கு வர வேண்டும். கறி மட்டும் நன்றாக இருந்தால் போதாது.

நான்கைந்து பேருக்கு என்னென்ன, எவ்வளவு?

12 ரோலுக்கான அளவு இது. ஆளுக்கு இரண்டு மூன்று வரும்.

கறிக்கு: கொழுப்பு நீக்கிய தோள் கறி 400 கிராம், முதுகுக் கொழுப்பு 100 கிராம், ஃபிஷ் சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, பூண்டு 20 கிராம், சின்ன வெங்காயம் 30 கிராம், மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, மரவள்ளி மாவு அல்லது உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 1 மேசைக்கரண்டி, பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் 2 மேசைக்கரண்டி. பச்சரிசியைப் பொன்னிறமாக வறுத்துப் பொடித்து 1 மேசைக்கரண்டி சேர்த்தால் மணம் கூடும். அங்கே நிறத்துக்கு அன்னாட்டோ விதை காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவார்கள். இங்கே கால் தேக்கரண்டி காஷ்மீரி மிளகாய்த்தூளைச் சூடான எண்ணெயில் கலக்கி வடித்தால் அந்தச் சிவப்பு வந்துவிடும், காரம் ஏறாது.

சுற்றுவதற்கு: 22 சென்டிமீட்டர் ரைஸ் பேப்பர் 16 எடுத்துக்கொள்ளுங்கள். 12 போதும், நான்கு கிழியும். லெட்யூஸ் ஒரு கட்டு, புதினா, கொத்தமல்லி, திருநீற்றுப்பச்சிலை தலா ஒரு கைப்பிடி, வெள்ளரி ஒன்று, மாங்காய் பாதி, கேரட்டும் முள்ளங்கியும் சேர்ந்து 200 கிராம், மொறுமொறுப்புக்குச் சமோசா பட்டி 6.

பன்றிக்கறி எங்கே வாங்குவது, எந்தப் பகுதியைக் கேட்பது?

நம் பக்கம் வெண்பன்றிப் பண்ணைக் கறிதான் பொதுவாகக் கிடைக்கிறது. எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எண் மாட்டியிருக்கும் கடையாக, காலையிலேயே வெட்டும் கடையாகப் பாருங்கள். பல கடைகளில் தோல், கொழுப்பு, எலும்பு எல்லாம் கலந்து நிறுத்துக் கொடுப்பதுதான் வழக்கம். அதனால் முதல் நாளே சொல்லிவையுங்கள்: “முன்னங்கால் தோள் கறி, எலும்பும் தோலும் இல்லாமல், முதுகுக் கொழுப்பு தனிப் பையில்.”

நல்ல கறி இளஞ்சிவப்பாக, விரலால் அழுத்தினால் மீண்டு வரும். வெளிறிப்போய்ப் பையின் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அந்தக் கறி விழுதுக்கு ஆகாது. தண்ணீரைப் பிடித்து வைக்கும் சக்தி அதற்கு ஏற்கெனவே போய்விட்டது. கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக இருக்க வேண்டும். வயிற்றுப் பக்கத்துக் கொழுப்பு மென்மையானது. அது சீக்கிரம் உருகும், வாங்க வேண்டாம்.

கடையில் கைமா போட்டுத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். அந்த எந்திரத்தில் கறி சூடாகிவிடும். முன்பு என்ன அரைத்தார்கள், எப்போது கழுவினார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

ஃபிஷ் சாஸ், வியட்நாம் கீரைகள் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

ரைஸ் பேப்பரும் ஃபிஷ் சாஸும் ஆன்லைனில் கிடைக்கும். ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் பக்கத்திலேயே இருக்கிறது. புட்டியில் நெத்திலி, உப்பு, அதிகபட்சம் கொஞ்சம் சர்க்கரை என்று மட்டும் எழுதியிருப்பதை வாங்குங்கள். கிடைக்கவே இல்லை என்றால் 20 கிராம் நெத்திலிக் கருவாட்டை நன்றாகக் கழுவி, 200 மில்லி தண்ணீரில் பாதியாக வற்றும்வரை கொதிக்கவிட்டு வடித்து, சம அளவு லைட் சோயா சாஸ் கலக்கலாம். ஃபிஷ் சாஸின் ஆழம் இதற்கு வராது. வீடியோவில் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கீரைக்கு நாம் கவலைப்பட வேண்டியதே இல்லை. அங்கே பயன்படுத்தும் தாய்லாந்துத் துளசியும் நம் திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனம். பூக்கடையில் கேட்டால் கிடைக்கும். இளந்தளிராக வாங்குங்கள், முற்றிய இலை கசக்கும். பூஜைத் துளசியை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள், அதன் கிராம்புக் காரம் மற்ற எல்லாவற்றையும் அடக்கிவிடும்.

நின் ஹுவாவில் பச்சை மாங்காயும் ரோலுக்குள் போகும். இந்த விஷயத்தில் கிருஷ்ணகிரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். கிளிமூக்கு மாங்காய், அதாவது பெங்களூரா, அதிகப் புளிப்பில்லாமல் நறுக்கென்று இருக்கும். தோல் சீவி, தீக்குச்சி கனத்துக்கு நறுக்குங்கள். சீசன் இல்லாத மாதங்களில் மாங்காயை விட்டுவிட்டு ஊறிய முள்ளங்கியை இரட்டிப்பாக வையுங்கள்.

விழுது அரைக்கும் முறை என்ன?

பாதிப் பேர் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

கறியை 2 சென்டிமீட்டர் துண்டுகளாகவும் கொழுப்பை அதைவிடச் சிறியதாகவும் வெட்டி, தனித்தனித் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் 40 நிமிடம் வையுங்கள். ஓரம் விறைத்து நடு மட்டும் லேசாக அமுங்கும் பதம் வேண்டும். மிக்ஸி ஜாரும் பிளேடும் அதே ஃப்ரீசருக்குள் போகட்டும். பூண்டு, வெங்காயத்தைத் தனியாகத் தட்டி வைத்துக்கொள்ளுங்கள். கறியோடு சேர்த்து அரைத்தால் அவற்றின் நீர் முதலிலேயே இறங்கிவிடும்.

முதல் சுற்றில் கறியும் ஃபிஷ் சாஸும் மட்டும். ஒரு தடவைக்கு 200 கிராமுக்கு மேல் போடாதீர்கள். பத்து நொடி ஓட்டி, நிறுத்தி, ஓரத்தை வழித்து, மீண்டும் பத்து நொடி. ஃபிஷ் சாஸில் உள்ள உப்பு கறியின் புரதத்தைக் கரைத்துப் பசைபோல் ஆக்குகிறது. கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்து வைப்பது அந்தப் பசைதான். பசை உருவாகும் முன் கொழுப்பைச் சேர்த்தால் அது புரதத்தின் மேல் படிந்து வேலையைக் கெடுத்துவிடும்.

இரண்டாம் சுற்றில் சர்க்கரை, பூண்டு, வெங்காயம், மிளகு, மாவு. அதோடு பேக்கிங் பவுடரை ஐஸ் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். கொழுப்பு கடைசியில். விழுது வெளிர் ரோஜா நிறமாகி, கரண்டியில் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் போதும், நிறுத்திவிடுங்கள். இதுவரை விழுதின் சூடு 12 டிகிரி செல்சியஸைத் தாண்டவே கூடாது. குத்திப் பார்க்கும் சமையல் தெர்மாமீட்டர் ஒன்று இதற்காகவே வாங்கலாம். ஏப்ரல், மே மாதத் தர்மபுரி வெயிலில் மின்விசிறி ஓடும் சமையலறையிலும் விழுது ஐந்தாறு நிமிடத்தில் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். ஓசூரின் காலை நேரம் இதற்குக் கொஞ்சம் இரக்கம் காட்டும்.

பிறகு மூடி ஃப்ரிட்ஜில் குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் இரவு முழுவதும். பச்சைக் கறியை நாக்கில் வைத்து உப்புப் பார்க்கக் கூடாது. ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்துத் தவாவில் வேகவைத்துப் பாருங்கள். உப்பும் இனிப்பும் மட்டுமல்ல, கடித்தால் துள்ளுகிறதா என்பதும் அந்தத் துண்டிலேயே தெரிந்துவிடும்.

சுடும்போது கொழுப்பு தனியாக வழிந்து, கறி மண்மாதிரி உதிர்கிறது. ஏன்?

விழுது சூடேறி உடைந்துவிட்டது. அரைக்கும்போதே ஜாரின் ஓரத்தில் எண்ணெய்ப் பளபளப்பு தெரிந்தால் அதுதான் அறிகுறி. அந்தக் கட்டத்தில் உடனே நிறுத்தி, 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து, ஒரு மேசைக்கரண்டி ஐஸ் தூளோடு மீண்டும் ஓட்டினால் சில நேரம் மீளும். சுட ஆரம்பித்த பிறகு மீட்கவே முடியாது. உதிர்ந்ததை வெங்காயம் வதக்கிப் பொரியலாக்கிவிட்டு ரோலுக்குப் புதிதாக அரையுங்கள்.

உதிராமல் ரப்பர்போல் இருந்தால் வேறு காரணம்: கொழுப்பு குறைவு, அல்லது பேக்கிங் பவுடர் கூடுதல். பேக்கிங் பவுடருக்குப் பதில் சமையல் சோடா அதே அளவு போட்டவர்களுக்குச் சோப்பு வாடை வரும். சோடாதான் இருக்கிறது என்றால் கால் தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம்.

கரி அடுப்புதான் வேண்டுமா?

கரியின் புகை இந்தக் கறிக்குப் பெரிய பலம். வீட்டில் கும்முட்டி அடுப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். கையில் எண்ணெய் தடவி, விழுதை 45 கிராம் உருண்டைகளாக்கி, மூங்கில் குச்சியைச் சுற்றி 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு, விரல் கனத்தில் அழுத்துங்கள். குச்சியை முன்பே அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்திருக்க வேண்டும். கரி சாம்பல் பூத்துத் தணல் அடங்கிய பிறகு மேலே வையுங்கள். விழுதில் சர்க்கரை இருப்பதால் எரியும் தீயில் வெளியே கருகிவிடும், உள்ளே வேகாது. திருப்பித் திருப்பி 10 முதல் 12 நிமிடம்.

கரி இல்லையா, கனமான இரும்புத் தோசைக்கல் போதும். குச்சி இல்லாமல் நீளவாக்கில் உருட்டி, மிதமான தீயில் மூடி 4 நிமிடம், திறந்து உருட்டி உருட்டி 6 நிமிடம். நான்ஸ்டிக் தவாவில் அந்தப் பழுப்பு வருவதற்குள் கறி வறண்டுவிடுகிறது.

நாடாப்புழு பயம் இருக்கிறதே?

பயம் நியாயமானது. அதற்கு விடை வேகவைப்பதில் இருக்கிறது. அரைத்த கறி என்பதால் வெளியே இருந்த கிருமி உள்ளேயும் கலந்திருக்கும். எனவே நடுப்பகுதி 71 டிகிரி தொட வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஃபிஷ் சாஸும் பேக்கிங் பவுடரும் சேர்ந்த கறி முழுக்க வெந்த பிறகும் லேசாகச் சிவந்தே தெரியலாம். தெர்மாமீட்டரை நீளவாக்கில் நடுவே செருகிப் பாருங்கள். பச்சைக் கறி தொட்ட பலகை, கத்தி, இடுக்கி எதுவும் கீரைப் பக்கம் போகக் கூடாது. இந்த உணவில் கீரையைச் சமைப்பதே இல்லை என்பதால் இது மிக முக்கியம். வீடியோவில் இரண்டு பலகைகள் தனித்தனியாக இருப்பது தெரியட்டும். பார்ப்பவர்கள் அப்படியே பின்பற்றுவார்கள்.

தொட்டுக்கொள்ள எந்த சாஸ்?

நின் ஹுவா முறையில் தெளிந்த சாஸ் கிடையாது, கெட்டியான கடலைச் சாஸ்தான். எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி பூண்டு வதக்கி, எடுத்து வைத்த விழுதில் 75 கிராமைப் போட்டு உதிர்த்து வேகவிடுங்கள். 300 மில்லி தண்ணீர், ஒரு கைப்பிடி குழைந்த சோறு அரைத்த கூழ், ஹொய்சின் சாஸ் (இனிப்பான சீனச் சோயா சாஸ்) 3 மேசைக்கரண்டி சேர்த்து 10 நிமிடம் கொதிக்கட்டும். அங்கே பசையரிசிக் கூழும் சோயா விழுதும் போடுவார்கள். கடைசியில் வறுத்துத் தோல் நீக்கி ஒன்றிரண்டாக உடைத்த நிலக்கடலை 3 மேசைக்கரண்டி. நம் மானாவாரி நிலத்துக் கடலையைப் புதிதாக வறுத்துப் போட்டால் பாட்டிலில் வரும் பீனட் பட்டர் தேவையே இல்லை. ஆறினால் இறுகும், வெந்நீர் விட்டுத் தளர்த்திக்கொள்ளுங்கள். விழுதிலிருந்து 75 கிராம் இதற்குப் போனால் ரோல் இரண்டு குறையும், அதற்கேற்பக் கூடுதலாக அரையுங்கள்.

கடலை ஒவ்வாதவர் இருந்தால் நுவோக் சாம்: ஃபிஷ் சாஸ் 3, சர்க்கரை 3, எலுமிச்சைச் சாறு 3, வெந்நீர் 12 மேசைக்கரண்டி. பூண்டும் மிளகாயும் பொடியாக நறுக்கிக் கடைசியில் போட்டால் மிதக்கும், பார்க்க அழகு.

காய் ஊறவைப்பது?

கேரட், முள்ளங்கியைத் தீக்குச்சி கனத்தில் நறுக்கி, அரைத் தேக்கரண்டி உப்புப் பிசறி 10 நிமிடம் கழித்துப் பிழியுங்கள். வினிகர் 100 மில்லி, வெதுவெதுப்பான தண்ணீர் 100 மில்லி, சர்க்கரை 3 மேசைக்கரண்டி கரைத்ததில் ஒரு மணி நேரம் போட்டால் போதும். சுற்றும் முன் மறுபடி பிழிய வேண்டும். ஈரம் தங்கினால் ரைஸ் பேப்பர் ஊறிக் கிழியும், மொறுமொறு குச்சியும் நமுத்துவிடும்.

ரைஸ் பேப்பர் சுற்றும்போதே கிழிகிறது, சில நேரம் வெடிக்கிறது. எப்படிச் சுற்றுவது?

கிழிவதற்கு முக்கியக் காரணம் மென்மையாகும்வரை தண்ணீரிலேயே வைத்திருப்பது. அகலத் தட்டில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, தாளை 2, 3 நொடியில் ஒரு சுற்று நனைத்து, இன்னும் விறைப்பாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். வழவழப்பான பக்கம் கீழே, பாய் அச்சுள்ள பக்கம் மேலே. உள்ளே வைப்பதை அடுக்கும் 40 நொடியில் அது தானாக இளகும்.

நம் பக்கம் பிப்ரவரி முதல் மே வரை காற்று வறண்டிருக்கும். தாளின் ஓரம் சுருண்டு விரிசல் விடும். பாக்கெட்டைத் திறந்து போட்டுவிட்டுப் படமெடுக்கப் போகாதீர்கள், ஒவ்வொன்றாக எடுத்து உடனே மூடுங்கள். பலகையை ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். மரப்பலகை ஈரத்தை உறிஞ்சித் தாளை ஒட்டவைக்கும். பிளாஸ்டிக் பலகையே நல்லது.

தாளின் கீழ் மூன்றில் ஒரு பங்கு இடத்தில் முதலில் லெட்யூஸ் இலை. அதன்மேல் புதினா, திருநீற்றுப்பச்சிலை, வெள்ளரி, மாங்காய், ஊறிய காய். மொறுமொறு குச்சி ஒன்று, நீளவாக்கில் பிளந்த கறி. குச்சி என்பது சமோசா பட்டியைப் பாதியாக வெட்டி, பென்சில் கனத்துக்கு இறுக்கிச் சுருட்டி, மாவுக் கரைசலால் ஒட்டி, 170 டிகிரி எண்ணெயில் பொரித்தது. கறி கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியிருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வைத்தால் ஆவியில் தாள் உருகி ஓட்டை விழும். லெட்யூஸ் அடியில் இருப்பதும் அதற்காகத்தான், அழகுக்கு வைத்ததல்ல. கீழ் ஓரத்தை மேலே போர்த்தி, விரல்களால் உள்ளே இழுத்து இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, இரு பக்கமும் மடித்து, மீதியைச் சுருட்டி முடியுங்கள். அடைசல் அதிகமானால் வெடிக்கும். இரண்டு விரல் கனம் போதும்.

முன்கூட்டியே சுற்றி வைக்கலாமா?

வேண்டாம். ஈரத்துணி மூடினால் ஒரு மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். ஃப்ரிட்ஜில் வைத்தால் தாளில் உள்ள மாவுச்சத்து இறுகித் தோல்போல் ஆகிவிடும். வியட்நாமில் எல்லாவற்றையும் தட்டில் பரப்பி, சாப்பிடுபவர் தானே சுற்றிக்கொள்வதுதான் வழக்கம். கூட்டுப் படப்பிடிப்புக்கு அதைவிட நல்ல கடைசிக் காட்சி இல்லை. நான்கு பேரும் நான்கு விதமாகச் சுற்றுவார்கள்.

எந்த வரிசையில் படமெடுப்பது?

முதல் நாள் மாலை விழுது அரைப்பது முழுவதையும் எடுத்துவிடுங்கள். ஓர் ஆள் கேமரா, ஓர் ஆள் கை, போதும். அரைக்கும்போது “இன்னொரு டேக்” என்ற பேச்சே கூடாது. பேசுவதைப் பிறகு குரலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை முதலில் காய் நறுக்குவது, ஊறவைப்பது, சாஸ். இவை பொறுமையானவை, அறிமுகம், அரட்டை, எல்லோர் முகமும் இங்கே வரட்டும். பிறகு குச்சி பொரிப்பது. விழுதைப் பாதியாகப் பிரித்து இரண்டு தடவை சுடுங்கள். முதல் பாதி முழுக்கக் கேமராவுக்கு: தணலுக்கு மேலே, பக்கவாட்டில், நெருக்கத்தில். இரண்டாம் பாதியைச் சுற்றும் காட்சி தொடங்கும்போது சுட்டால் சாப்பிடும்போது கறி இன்னும் சூடாக இருக்கும். சுற்றுவதற்கு முன் விளக்கு, கோணம், ஃபோகஸ் எல்லாவற்றையும் காலித் தட்டு வைத்துச் சரிபார்த்து முடித்துவிடுங்கள். நனைந்த தாளுக்கு உங்களிடம் இருப்பது ஒரு நிமிடம்தான். சுற்றும் காட்சிக்கு மூன்று தாள் ஒதுக்குங்கள்: மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, கை நெருக்கத்தில் ஒன்று. ஒரே ரோலை மூன்று கோணத்தில் எடுக்க முயன்றால் மூன்றும் போய்விடும்.

எத்தனை கேமரா வேண்டும்?

இரண்டு செல்போன் போதும். ஒன்று நேர் மேலே, கையுள்ள ஸ்டாண்டில். அதன் அடியில் 5 கிலோ அரிசிப் பையைக் கட்டிவிடுங்கள், சாயாது. மற்றொன்று 45 டிகிரியில். மேல் கேமராவில் கட்டக்கோடுகளைப் போட்டுக்கொண்டால் பலகை சாய்ந்து தெரியாது. கும்முட்டிக்கு நேர் மேலே போன் வைக்காதீர்கள். கொழுப்புப் புகை லென்ஸில் படியும், போன் சூடேறிப் பதிவே நின்றுவிடும். ஓரமாக, இரண்டடி தள்ளி வைத்துச் சற்றே ஜூம் செய்யுங்கள். ஒவ்வொரு காட்சிக்கும் முன் லென்ஸைத் துடைக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

வீடியோவில் கோடு கோடாக ஓடுகிறது, கறி சாம்பல் நிறமாகத் தெரிகிறது.

கோடு வருவது விளக்கால். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மினுக்கும். போன் பொதுவாக நொடிக்கு 30 ஃபிரேமில் எடுக்கும். இரண்டும் பொருந்தாதபோது கோடு ஓடும். 25 ஃபிரேமுக்கு மாற்றி, ஷட்டர் 1/50 வைத்தால் நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் புரோ வீடியோ முறையில் இது இருக்கும். ஐபோனில் கேமரா அமைப்புகளில் PAL (25 ஃபிரேம்) வடிவங்களைக் காட்டும் ‘Show PAL Formats’ தேர்வை இயக்க வேண்டும். இரண்டு போனும் ஒரே ஃபிரேம் வேகத்தில் இருக்க வேண்டும்.

சாம்பல் நிறம் வருவது ஜன்னல் வெளிச்சமும் வெள்ளை டியூப்லைட்டும் கலப்பதால். ஏதாவது ஒன்றை அணைத்துவிடுங்கள். வெள்ளைத் தட்டைக் காட்டி வெள்ளைச் சமநிலையைப் பூட்டிவிட்டால் கறி கறி நிறத்திலேயே நிற்கும். காலை 8 முதல் 11 வரை ஜன்னலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி எடுக்கும் வெளிச்சத்துக்கு ஈடான விளக்கு சுலபத்தில் கிடைக்காது.

ரைஸ் பேப்பர் படத்தில் தெரியவே மாட்டேன் என்கிறது.

முன்னாலிருந்து விளக்கு அடித்தால் அது கண்ணாடிபோல் மறையும். வெளிச்சம் ரோலுக்குப் பின்பக்கம் ஓரத்திலிருந்து வரட்டும், பலகை கருமையாக இருக்கட்டும். தாளின் விளிம்பும் உள்ளிருக்கும் புதினாப் பச்சையும் ஒளிரும். இலையை வெளிப்பக்கமாக வைத்துச் சுற்றினால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஒலி சரியாக வரவில்லை.

மிக்ஸி, எக்ஸாஸ்ட், குக்கர் ஓடும்போது யாரும் பேச வேண்டாம். சட்டையில் மாட்டும் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். புடவை மடிப்புக்குள் போனால் சரசரப்பு வரும். கறி தணலில் விழும் ஓசையைப் போனைப் பக்கத்தில் பிடித்து 30 நொடி தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு கேமராவையும் ஓடவிட்ட பிறகு ஒருவர் நடுவில் நின்று கைதட்டினால் எடிட்டில் அந்த ஒலி முனையை வைத்து இரண்டையும் பொருத்தலாம். நீண்ட பதிவில் குரல் மெல்ல மெல்ல விலகினால் போன் தன்னிச்சையாக ஃபிரேம் வேகத்தை மாற்றியிருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, மறுபடி கைதட்டி ஆரம்பியுங்கள்.

குழுவில் ஒருவர் பன்றிக்கறி சாப்பிடமாட்டார். அவரை எப்படிச் சேர்ப்பது?

முதலிலேயே அவரிடம் கேளுங்கள். அவர் எவ்வளவு தூரம் சம்மதிக்கிறாரோ அவ்வளவுதான். பன்றிக்கறி சமைக்கும் இடத்திலேயே இருக்க விரும்பாதவரை வற்புறுத்தக் கூடாது. வருகிறேன் என்றால் அவருக்கான பாத்திரம், அடுப்பு, கத்தி, எண்ணெய் எல்லாம் தனியாக, முன்னதாகவே சமைத்து முடியுங்கள். கோழித் தொடைக் கறியில் இதே விழுது நன்றாக வரும். தோலோடு அரைத்து, நடுச்சூடு 74 டிகிரி பாருங்கள். வீட்டுக்காரரின் சம்மதத்தையும் கேட்டுவிடுங்கள். வாடகை வீட்டில் இது முக்கியம்.

யார் சேனலில் போடுவது? விளம்பரம் வந்தால்?

படமெடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் எழுத்தாக முடிவு செய்யுங்கள்: முழு வீடியோ யார் சேனலில், மற்றவர்கள் எந்தப் பகுதியைத் தனியாகப் போடலாம், எத்தனை நாள் கழித்து, செலவு எப்படிப் பிரியும், வருமானம் வந்தால் என்ன பங்கு. எடுத்த மூலக் கோப்புகள் அனைவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும். நட்பு கெடுவது பெரும்பாலும் இந்தக் கோப்புகளில்தான். தவா, மசாலா எதையாவது நிறுவனம் இலவசமாகக் கொடுத்திருந்தாலும் அது விளம்பரமே. இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் 2021 வழிகாட்டுதல்படி, 2 நிமிடமோ அதற்கு மேலோ ஓடும் வீடியோவில் அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுவதும் விளம்பரம் என்ற குறிப்பு திரையில் இருக்க வேண்டும். கூட்டு வீடியோ என்றால் ஒவ்வொருவர் சேனலிலும் அது பொருந்தும்.

ஷார்ட்ஸுக்குத் தனியாக எடுக்க வேண்டுமா?

2024 அக்டோபர் முதல் யூடியூப் ஷார்ட்ஸ் 3 நிமிடம் வரை போகலாம். மேல் கேமராவை 4கே தரத்தில் எடுத்தால் நடுப்பகுதியைச் செங்குத்தாக வெட்டிக்கொள்ளலாம், தனியாக எடுக்கத் தேவையில்லை. சுற்றும் காட்சியில் மட்டும் கை இடம் வலமாக நீளாமல் பலகையின் நடுவிலேயே வேலை செய்யச் சொல்லுங்கள்.

மின்தடை வந்தால்?

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று உங்கள் துணை மின்நிலையப் பகுதிக்கு முன்பே பார்த்து, அந்த நாளையும் அதற்கு முந்தைய மாலையையும் தவிருங்கள். நடுவில் போய்விட்டால் ஃப்ரிட்ஜைத் திறக்காதீர்கள், நான்கு மணி நேரம்வரை குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேல் போனால் தெர்மாமீட்டரால் விழுதைப் பாருங்கள். 5 டிகிரிக்கு மேல் ஏறி இரண்டு மணி நேரம் கடந்திருந்தால் கொட்டிவிட வேண்டியதுதான்.

மீந்த விழுதை வைக்கலாமா?

பச்சையாக ஃப்ரிட்ஜில் ஒரு நாள். ஃப்ரீசரில் வைப்பதென்றால் உருட்டி, தட்டில் தனித்தனியாக உறையவிட்டு, பிறகு பையில் போட்டு ஒரு மாதம் வைக்கலாம். கரைப்பது ஃப்ரிட்ஜுக்குள்ளேயே, இரவு முழுவதும். அவசரத்துக்கு வெந்நீரில் போட்டால் கொழுப்பு பிரிந்துவிடும். கரைந்ததை மறுபடி உறையவைக்காதீர்கள். சுட்ட கறி மீந்தால் மறுநாள் தோசைக்கல்லில் சூடாக்கி, புளிப்புக் காயோடு சோற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.